பாதியிலேயே கொலையாளி தெரிந்துவிட்டால்

வணக்கம். பாதிப் புத்தகத்திலேயே கொலையாளி யாரென்று ஊகித்துவிடுவதால் மீதியைப் படிக்கும் ஆர்வம் வடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தடயங்களைக் கொண்டு ஊகிப்பதில்லை என்றே நினைக்கிறேன். கதையில் குறிப்பிட்ட வேலை ஏதுமின்றி அடிக்கடி வந்துபோகும் பாத்திரத்தின் மீது, பழகிய வாசகருக்குத் தானாகவே சந்தேகம் விழுந்துவிடும். (அது உங்கள் குற்றமன்று, எழுத்தாளரின் கைப்பழக்கம்.) ஆகவே, அடுத்த முறை பெயர் மனத்தில் தோன்றியதும் புத்தகத்தை மூடிவிடாமல், கையிலுள்ள சான்றுகளால் அதை நிரூபிக்க முடிகிறதா என்று பாருங்கள்: போகிறபோக்கில் சொல்லப்பட்ட நின்றுபோன கடிகாரமும், யாரும் கேட்காமலேயே ஒருவர் தாம் அன்றிரவு எங்கிருந்தார் என்று விளக்கியதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அதுவும் அலுத்தால், தலைகீழ்த் துப்பறியும் கதைகளுக்கு மாறிவிடுங்கள். ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் கையாண்ட இவ்வகையில், குற்றவாளி யார், எப்படிச் செய்தார் என்பதெல்லாம் முதலிலேயே காட்டப்பட்டு, துப்பறிபவர் அதை எவ்வாறு கண்டறிகிறார் என்பதே கதையாகிறது. மேலும், ஒரே எழுத்தாளரின் நூல்களை அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். மூன்றாவது நூலிலேயே அவருடைய உத்தி பிடிபட்டுவிடும்.