நள்ளிரவுக் கவலையும் கிளினிக்குக்குப் போகும் தயக்கமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் அடிபட்ட கணவர் வீட்டோடு இருக்க, இரவு இரண்டு மணிக்கு விழித்து விடியும்வரை கடன் கணக்கையே நினைத்துக்கொண்டிருப்பதாகவும், கிளினிக்குக்குப் போனால் ஊர் பேசும் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மனத்தை அதட்டினால் கவலை அடங்காது. ஆகவே அதற்கென ஒரு நேரம் ஒதுக்கச் சொல்வது மனநல ஆலோசகர்களின் வழக்கம். அமெரிக்க உளவியலாளர் போர்கோவெக் குழுவினர் 1983-இல் வெளியிட்ட முறை இது. நாள்தோறும் மாலையில், படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் அரை மணி நேரம் அமர்ந்து கவலைகளை எழுதுங்கள்; பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) மனு என்ன ஆயிற்று என்பதைப் போல மறுநாளே விசாரிக்கக்கூடியதைத் தனியே குறியுங்கள். இரவில் அதே எண்ணம் எழுந்தால் மறுநாள் மாலைக்குத் தள்ளிவையுங்கள். தொடக்கத்தில் அது பிடிவாதமாகத் திரும்பி வரும். அதற்காக முறையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

தூக்கமின்மை மூன்று மாதமாக நீடிப்பதால் இதை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. அரசாங்கக் கிளினிக் முகப்பில் "தூக்கம் வரவில்லை" என்றாலே போதும். மற்றதை மருத்துவரின் அறைக்குள் சொல்லலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். நள்ளிரவைக் கடந்து அந்த எண் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 999.