வி.பி.என். வாங்கும் முன் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

கேள்வி: இணையப் பாதுகாப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் வி.பி.என்., ஆன்டிவைரஸ், பாஸ்வேர்டு மேனேஜர் என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். பலவற்றுக்கும் ஆண்டுச் சந்தா. எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டியவற்றுக்குக் காசு தேவையில்லை.

சாதாரணமாக ஒருவருடைய கணக்கு எப்படிப் பறிபோகிறது? எப்போதோ பதிவுசெய்து மறந்துபோன தளம் ஒன்றிலிருந்து பாஸ்வேர்டு கசிகிறது. அதையே உங்கள் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் திறந்துகொள்கிறது. மின்னஞ்சல் கைமாறிவிட்டால், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தியே மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். அது எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று இலவசமாகவே காட்டும்.

ஆகவே பாஸ்வேர்டு மேனேஜரில், அதாவது தளத்துக்கொரு பாஸ்வேர்டை உருவாக்கிச் சேமித்துவைக்கும் செயலியில், தொடங்குங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது பிட்வார்டன். இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டையும் சேமிக்கலாம், போனிலும் கணினியிலும் பயன்படுத்தலாம். கீபாஸ்எக்ஸ்சி-யும் நல்லதுதான். ஆனால் அதில் எல்லாம் உங்கள் கணினியில் ஒரு கோப்பாக இருக்கும். நகல் எடுத்துவைக்கும் பொறுப்பு உங்களுடையது. மேனேஜரில் அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மை உண்டு. வங்கித் தளத்தைப் போலவே இருக்கும் போலித் தளத்தில் நம் கண் ஏமாந்துவிடும். மேனேஜர் முகவரியைப் பார்க்கிறது, முகவரி பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமா என்ற பயம் நியாயமானது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களின் நகலைத் திருடிவிட்டார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில்தான், இருந்தன. அந்த நிலையில் பெட்டகத்தைக் காப்பது அதைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டின் வலு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள், பிறந்தநாளும் பெயரும் வேண்டாம். தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதில் தவறில்லை.

அப்புறம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது. மின்னஞ்சலுக்கு இன்றே போட்டுவிடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் குறியீடு ஒன்றுமில்லாததற்கு மேல்தான், ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறொருவர் ஏமாற்றி சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவருக்குப் போகும். ஏஜிஸ், கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலிகள் போனிலேயே 30 விநாடிக்கு ஒரு குறியீட்டை உருவாக்கும். அமைக்கும்போது பல தளங்கள் மீட்புக் குறியீடுகள் தரும். தயவுசெய்து அவற்றை அப்போதே எழுதிவையுங்கள். போன் தொலைந்த அன்று உங்கள் கணக்குக்குள் உங்களையே சேர்ப்பது அவைதான்.

உலாவிக்கு, ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற கூடுதல் நிரலைச் சேர்த்தால் விளம்பரங்களோடு பின்தொடரும் நிரல்கள் பலவும் அடைபடும். விண்டோஸில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு அது போதும்.

வி.பி.என். கடைசி. உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை அது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற குறியாக்கப்பட்ட இணைப்பில் இயங்குவதால், பொது வைஃபையிலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். வி.பி.என். போட்டால் அந்த விவரம் இணையச் சேவை நிறுவனத்துக்குப் பதில் வி.பி.என். நிறுவனத்துக்குப் போகிறது. ஃபேஸ்புக் நடத்திய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., மக்கள் என்னென்ன செயலிகள் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் திரட்டிக்கொண்டிருந்தது. 2019-ல் அதை மூடினார்கள். யாரென்றே தெரியாத இலவச வி.பி.என்.னைப் போனில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யே 2017-ல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழையதன் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கசிந்தது என்று தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.