டரான்டுலா எப்படி இரை பிடிக்கிறது? வீட்டில் அதற்குப் பாதுகாப்பாக உணவளிப்பது எப்படி?

வலை கட்டாத, மயிரடர்ந்த பெரிய சிலந்தியான டரான்டுலா இரையை எப்படிப் பிடிக்கிறது, கடிபடாமல் அதற்கு உணவு கொடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் எங்கள் வீட்டில் தென் அமெரிக்க இனத்துப் பெண் டரான்டுலா ஒன்றைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன்.

எட்டுக் கண்கள் இருந்தும் இதற்குப் பார்வை மிகவும் மங்கல். கால்களிலுள்ள நுண்மயிர்கள் காற்றின் அசைவையும், மூட்டுகளை ஒட்டியுள்ள கீற்றுப் போன்ற உணர்வுறுப்புகள் தரையின் அதிர்வையும் அறிகின்றன. சுவர்க்கோழியைத் தொட்டிக்குள் விட்டால் எங்கள் சிலந்தி உடனே பாய்வதில்லை. பூச்சி நகரும்போது முன்கால் ஒன்றை மெல்லத் தூக்கித் திசை பார்க்கும். எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து, கால்களால் அணைத்து, நச்சுப்பற்கள் இரண்டையும் மேலிருந்து கீழாக இறக்கிவிடும். பிறகு இரையைக் கவ்வியபடியே நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் மெல்லிய வெண்ணிற இழைகளை விரிக்கும். செரிமான நீரை உமிழ்ந்து, கசக்கி, கரைந்ததை மட்டும் உறிஞ்சுவதால் உண்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். எஞ்சும் சிறு சக்கை உருண்டையை எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அதிர்வை நம்பி வேட்டையாடும் உயிருக்கு உங்கள் விரலும் இரையும் ஒன்றுதான். ஆகவே உணவு கொடுக்கவும், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கவும் நீளமான இடுக்கியையே பயன்படுத்துங்கள். உணவுக்காக அதை வெளியே எடுக்கவே கூடாது. சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் மென்மையான வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும்.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் அரிப்பூட்டும் மயிர்களை உதிர்க்கும் என்பதால் கண்ணையும் முகத்தையும் தொட்டிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். நம் நாட்டு இனங்களுக்கு அந்த மயிர் இல்லை. மாறாக வேகமும் நஞ்சும் அதிகம். சேலத்திலிருந்து 1899-ல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ஃபார்மோசா என்னும் மரச்சிலந்தியின் பேரினத்தில், கடி கடுமையான தசைப்பிடிப்பைத் தரும். அப்பேரினம் முழுவதும் 2019-ல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. ஏற்காட்டு மரப்பொந்தில் ஒன்றைக் கண்டால் பார்த்து மகிழுங்கள். பிடித்துவந்து வளர்க்க நினைக்காதீர்கள்.

இரைப்பூச்சி சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ கொடுத்தால் போதும். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலோ வீட்டுச் சமையலறையிலோ பிடித்த பூச்சிகளில் மருந்து தெளித்த நஞ்சு ஏறியிருக்கலாம் என்பதால், தீனிக்கென்றே வளர்த்த சுவர்க்கோழிகளையும் கரப்பான்களையும் மட்டுமே நான் கொடுக்கிறேன். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் பசி குறைந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

என் பார்வையில், உணவளிப்பில் கூடுதலான ஆபத்து நமக்கு அன்று, சிலந்திக்குத்தான். தின்னப்படாத பூச்சியை மறுநாள் வரை தொட்டியில் விடக் கூடாது. தோலுரிக்கும் காலத்தில் மல்லாந்து கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துக் கொன்றுவிடக்கூடும். திடீரென்று உண்ண மறுத்து, வயிறும் பருத்திருந்தால் தோலுரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். மல்லாந்து கிடப்பதைக் கண்டு இறந்துவிட்டது என்று கருதித் தொட்டுவிடாதீர்கள். உரித்தபின் நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாகவும் பிறகு செந்நிறமாகவும் இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை, வளர்ந்த சிலந்தியாயின் ஏறக்குறைய இரண்டு வாரம், தண்ணீர் மட்டும் வைத்து, பூச்சி எதையும் தொட்டிக்குள் விடாமல் காத்திருங்கள்.