இடைநின்றதா, இடைநிறுத்தியதா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் வடிகான் வேலை நாலு மாதமாகப் பாதியில் கிடக்கிறது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுகிறோம். 'இடைநின்ற வேலை' என்று போடுவதா, 'தடைப்பட்ட வேலை' என்பதா? இரண்டும் ஒன்றுதானே?
(வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: ஒன்றல்ல. 'தடைப்பட்ட' என்றால் ஏதோ குறுக்கே வந்திருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மாரி மழையால் தடைப்பட்ட வேலை, சீமெந்துத் தட்டுப்பாட்டால் தடைப்பட்ட வேலை என்று காரணத்தோடு எழுதினால் சரி. காரணத்தை விட்டுவிட்டால் அதைச் சபையே நிரப்பிக்கொள்ளும்.

'இடைநின்ற' தன்வினை. வேலை நின்றது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது, நிறுத்திய ஆள் இல்லை. பஸ் நின்றது, பஸ்ஸை நிறுத்தினார்கள், இந்த இரண்டுக்கும் உள்ள அதே வித்தியாசம். ஒருவர் சொல்லித்தான் நின்றது என்று தெரிந்தால் 'இடைநிறுத்திய' என்றே எழுத வேண்டும். 'பணி இடைநிறுத்தம்' என்று அலுவலகக் கடிதம் வந்தால், கட்டளையிட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லையே.

இனித் தொடங்காது என்று முடிவானதற்கு 'கைவிட்ட'. சம்பூர் அனல்மின் நிலையத் திட்டத்தை அரசு 2016இல் கைவிட்டது. அதை 'இடைநின்ற திட்டம்' என்று எழுதுவது பிழை.

எனக்குக் கோபம் வருவது 'தாமதமான' என்ற சொல்லைக் கண்டால்தான். தாமதமான வேலை மெதுவாகவாவது நடக்கிற வேலை; நாம் பேச்சில் 'இழுபடுகிறது' என்போம். நாலு மாதம் ஆளே வராத இடத்தில் எது இழுபடுகிறது? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் முடியாதிருந்தபோது சனம் 'மிதவைப் பாதை' என்கிற படகில்தான் கடந்தது. 2021 நவம்பர் 23இல் அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பாதியில் கிடக்கும் வேலையைத் 'தாமதம்' என்று சொல்லி வரும் செய்தி எதையும் நான் அப்படியே அச்சுக்கு விடுவதில்லை.

உங்களுக்குக் காரணம் தெரியாது. ஆகவே இப்போதைக்கு 'இடைநின்ற' சரி. ஆனால் ஆட்கள் கடைசியாக வந்த திகதியை அதற்கு முன்னால் போடுங்கள். யார் நிறுத்தச் சொன்னது என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வந்தால், அப்புறம் அடுத்த கடிதத்தில் 'இடைநிறுத்திய' என்று மாற்றிவிடலாம்.