உலர்ந்துபோன பிக்ரிக் அமில பாட்டில்: மூடியைத் தொடாதீர்கள்

கேள்வி: கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். விலங்கியல் ஆய்வகத்தின் உள்ளறையில் 'பிக்ரிக் அமிலம்' என்று லேபிள் ஒட்டிய பழைய பாட்டில் கிடக்கிறது. உள்ளே மஞ்சள் தூள் காய்ந்து கட்டியாகியிருக்கிறது; தகர மூடி துருப்பிடித்துவிட்டது. புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர், 6,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழோடு எடுத்துப்போவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இல்லை, தண்ணீர் ஊற்றி நாங்களே கொட்டிவிடலாமா? இது டிஎன்டி மாதிரி என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டும் வேண்டாம். திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், குலுக்கிப் பார்க்காதீர்கள். அறையைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

டிஎன்டிக்கு இது நெருங்கிய உறவுதான். இரண்டிலும் ஆறு கார்பன் கொண்ட ஒரு பென்சீன் வளையம், அதில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த மூன்று நைட்ரோ தொகுதிகள். எரியும் கார்பனும் எரிக்கும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் இருப்பதால் வெளிக்காற்றின் தயவு தேவையில்லை. கார்பனும் நைட்ரோவும் சேரும் பிணைப்புதான் பலவீனமான இடம். உரசலோ அடியோ ஓரிடத்தில் அதை உடைத்தால், அங்கே கிளம்பும் வெப்பம் பக்கத்தில் இருப்பதையும் உடைத்துக்கொண்டே போகும்.

வித்தியாசம் நான்காவது தொகுதியில். டிஎன்டியில் அது மீத்தைல், பிக்ரிக்கில் ஹைட்ராக்சில். மூன்று நைட்ரோவும் எலக்ட்ரானை இழுப்பதால் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் லேசாகக் கழன்றுவிடுகிறது. அதனால் இது நல்ல வீரியமான அமிலம். உலோகத்தைச் சும்மா விடாது. இரும்பு, செம்பு, துத்தநாகம், ஈயம் என்று எதோடு சேர்ந்தாலும் பிக்ரேட் உப்பு உண்டாகும். அவற்றில் பல, அமிலத்தைவிட எளிதில் வெடிப்பவை. ஈய பிக்ரேட் ரொம்ப மோசம். பீரங்கிக் குண்டுகளில் பிக்ரிக்கின் இடத்தை டிஎன்டி பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தகர மூடியைப் பற்றி நான் இவ்வளவு பதறுவதும் இதனால்தான்.

நைட்ரோவை எண்ணி மட்டும் ஆபத்தை எடைபோட முடியாது. அதே வளையத்தில் நைட்ரோக்களுக்கு இடையே மூன்று அமினோ தொகுதிகள் இருந்தால் அது டிஏடிபி என்ற இன்னொரு வெடிபொருள். ஹைட்ரஜன் பிணைப்புகள் அதன் மூலக்கூறுகளை அப்பளம் அடுக்கியதுபோல் தட்டையாக அடுக்கிவிடுகின்றன. அடித்தால் அடுக்குகள் வழுக்கி அடியை வாங்கிக்கொள்ளும், லேசில் வெடிக்காது.

பிக்ரிக்குக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தண்ணீர்தான் காவல். எடையில் 30 சதவீதமாவது ஈரம் இருக்க வேண்டும். குறைந்தால் சர்வதேசப் போக்குவரத்து விதிகள் அதை வெடிபொருளாகவே கணக்கில் எடுக்கின்றன. மூடி இறுகாத பாட்டிலில், கடலூர் மே மாத வெயிலில், அந்த ஈரம் எத்தனை கோடைக்குத் தாங்கும்?

அப்படியென்றால் தண்ணீர் ஊற்றினால் போச்சு என்று தோன்றும். ஊற்ற மூடியைத் திருக வேண்டும். மரையில் சிக்கிய படிகம் நசுங்குவது அந்தத் திருகலில்தான். சாக்கடையில் கொட்டினால் உலோகக் குழாயும் சிமென்டும் சேர்ந்து புதுப் புது பிக்ரேட்டுகளைத் தயாரித்து வைக்கும்.

ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன். இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு எல்லா மஞ்சள் பாட்டிலுக்கும் பயந்து பள்ளியைக் காலி செய்துவிடுவார்கள். திசுக்களைப் பதப்படுத்தும் பூவான் திரவமும் மஞ்சள்தான், அதிலும் பிக்ரிக் இருக்கிறது. ஆனால் அது கரைசல். பாட்டிலில் திரவம் தளும்பிக்கொண்டிருக்கும்வரை வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். அதில் உள்ள ஃபார்மலினுக்குத்தான் மூக்கைப் பொத்த வேண்டும். பாதி வற்றியிருந்தாலோ, மூடியைச் சுற்றி மஞ்சள் பொருக்கு கட்டியிருந்தாலோ சலுகை ரத்து. உங்களுடையது கரைசல் இல்லை, காய்ந்த கட்டி.

சரி, அந்த ஏஜென்ட். வெடிபொருளைக் கையாள உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'கழிவு மேலாண்மை' என்று பெரிய முத்திரை போட்ட தாள் ஒன்றை நீட்டுவார். அது கழிவு எடுப்பதற்கானதாக இருக்கும், இதற்கு உதவாது. பாட்டில் சாக்குப்பையில் ஏறி, வேகத்தடைகளில் குதித்து, முள்ளோடையில் எல்லை தாண்டும். அங்கே வேறு நிர்வாகம், வேறு காகிதம். வழியில் ஏதாவது நடந்தால் இருப்புப் பதிவேட்டில் உங்கள் பள்ளியின் பெயர்தான் இருக்கும். பழைய இரும்புக் கடைப் பின்புறத்தில் போய் முடிகிற பாட்டிலுக்கும் இவர்கள் சான்றிதழ் தருவார்கள்.

அவர்கள் பிழைப்பதே நம் நடைமுறையால்தான். உடைந்த நாற்காலியைக் கணக்கிலிருந்து நீக்கவே எத்தனை கையெழுத்து! தணிக்கைக்குப் பயந்து ரசாயனத்தைப் பத்து, இருபது வருஷம் அலமாரியில் வைத்திருக்கச் சொல்கிற ஊர் இது. இங்கிலாந்தில் 2016இல், இதன் தூரத்து உறவான டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன் காய்ந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கே பள்ளிகளுக்கு வெடிகுண்டுப் பிரிவு போனது.

'இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே' என்று தலைமையாசிரியர் சொல்லலாம். 1771இல் அவுரி நீலத்திலிருந்து முதலில் எடுத்தபோது இது வெறும் மஞ்சள் சாயப்பொருள். அப்படியே வெடிக்க வைக்க முடியும் என்று நிரூபிக்க இன்னும் நூறு வருஷம் பிடித்தது. 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தையே சிதறடித்த கப்பலில் பிக்ரிக்தான் பெரும் சரக்கு.

தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே 112இல் சொல்லுங்கள். காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வரவேண்டிய வேலை இது. 'பழைய கெமிக்கல்' என்று மட்டும் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். 'காய்ந்த பிக்ரிக் அமிலம், உலோக மூடி, பள்ளிக்கூடம்' என்று சொல்லுங்கள். திறக்காமல் வெளியிலிருந்து எடுத்த போட்டோ ஏற்கெனவே இருந்தால் காட்டலாம். போட்டோவுக்காக மறுபடி உள்ளே போக வேண்டாம். வந்தவர்களுக்கு உதவுகிறேன் என்று பாட்டிலைக் கையில் தூக்கி வராதீர்கள். அறையைக் கைகாட்டினால் போதும்.