மூச்சு வாங்க வைக்கும் மைதானம்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சொந்த மண்ணில் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் வீழ்த்தும் பொலிவியக் கால்பந்து அணி, வெளிநாடு போனால் சுருண்டுவிடுகிறதே! லா பாஸ் மைதானத்தின் உயரம்தான் காரணம் என்பது உண்மையா, தோற்றவர்கள் சொல்லும் சாக்கா? - மதுரை வாசகர்

பதில்: பெரும்பகுதி உண்மை, கொஞ்சம் சாக்கும் உண்டு. லா பாஸின் மிராஃப்ளோரஸ் பகுதியில் 1930-இல் திறக்கப்பட்ட எர்னாண்டோ சிலெஸ் மைதானம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான் என்றாலும், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. பந்தைத் துரத்தி முப்பது மீட்டர் பாய்ந்து, திரும்பி, உடனே மறுபடியும் பாய வேண்டிய ஆட்டக்காரருக்கு இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மூச்சு நிதானத்துக்கு வருவதே இல்லை. போதாக்குறைக்கு, அடர்த்தி குறைந்த காற்றில் பந்து வேகமாகப் போகும்; வளைத்து அடித்தாலும் வழக்கமான அளவுக்கு வளையாது. கோல்கீப்பர்களுக்கு இது பெரிய தலைவலி.

இங்கேதான் 25.7.1993 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுகளில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றிராத பிரேசில், 2-0 எனத் தோற்றது. அதற்குச் சற்று முன்புதான் ஒரு பெனால்டியைத் தடுத்திருந்த பிரேசில் கோல்கீப்பர் தஃபரெல், ஆட்டம் முடியும் தறுவாயில் பொலிவியாவின் எட்செவெரி இடப்பக்கத்திலிருந்து தட்டிய பந்தைத் தன் கால்களுக்கு இடையே விட்டுவிட்டார். அந்தத் தகுதிச்சுற்றின் வழியாகத்தான் பொலிவியா 1994 உலகக் கோப்பைக்குப் போனது.

ஆனால் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் 1997 இறுதியாட்டத்தில் இதே மைதானத்தில் பிரேசில் 3-1 என்று வென்றது. 2022-இல் 4-0 என்று வென்றது. அர்ஜென்டினாவும் 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் இங்கே வென்றிருக்கிறது. நல்ல அணி நிதானமாகப் பந்தைக் கைவசம் வைத்து ஆடினால், உயரம் அதைத் தோற்கடித்துவிடாது.

கேள்வி: முன்கூட்டியே போய்த் தங்கி, உடலைப் பழக்கிக்கொள்ளலாமே? - ஈரோடு வாசகர்

பதில்: உடல் ஓரளவு பழகவே இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அத்தனை நாள் வீரர்களை அனுப்பிவைக்க எந்த ஐரோப்பியக் கிளப் சம்மதிக்கும்? தலைவலி, குமட்டல் போன்ற மலை நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும் என்பதால், பல அணிகள் சமவெளி நகரமான சான்டா குரூஸில் தங்கி, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு விமானத்தில் மேலேறி, ஆடி முடித்த கையோடு இறங்கிவிடுகின்றன.

கேள்வி: இத்தகைய இடத்தில் சர்வதேச ஆட்டங்களை அனுமதிப்பது நியாயமா? - கோவை வாசகர்

பதில்: நியாயமே என்பது என் கருத்து. 2007-இல் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை போட்டபோது, அன்றைய பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ் சஹாமா மலையில் சுமார் 6,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் பந்தாடி எதிர்ப்பைக் காட்டினார். வரம்பு 3,000 மீட்டராகத் தளர்த்தப்பட்டு, 2008-இல் தடையே நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு லா பாஸுக்கு ஆதரவாக அங்கே வந்து ஆடிய மாரடோனா, மறு ஆண்டு ஏப்ரலில் அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக, மெஸ்ஸியையும் அழைத்துக்கொண்டு அதே மைதானத்துக்கு வந்து 6-1 என்று தோற்றதை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அன்று பொலிவியாவின் போட்டெரோ மூன்று கோல்கள் அடித்தார். கொலம்பிய அணி, தன் நாட்டு நகரமான பர்ரான்கியாவின் பிற்பகல் வெயிலில் விருந்தாளிகளை வாட்டுகிறது. அதை யாரும் தடை செய்யச் சொல்வதில்லை. லட்சக்கணக்கான மக்கள் பிறந்து வாழும் ஊரில் அவர்களுடைய அணி ஆடக் கூடாது என்பது என்ன வாதம்?

கேள்வி: இப்போது அணி இன்னும் உயரமான மைதானத்துக்கு மாறிவிட்டதாமே? - திருச்சி வாசகர்

பதில்: ஆம். லா பாஸுக்கு மேலே, எல் ஆல்ட்டோ நகரில் சுமார் 4,100 மீட்டர் உயரத்தில் உள்ள வில்லா இன்ஹெனியோ மைதானத்தில் 2024 செப்டம்பர் முதல் ஆடுகிறது. எர்னாண்டோ சிலெஸில் 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றிருந்த அணி, மேலே போன பிறகு ஆறு ஆட்டங்களில் நான்கை வென்று, இரண்டைச் சமன் செய்தது. கடைசி ஆட்டத்தில், 2025 செப்டம்பர் 9 அன்று, பொலிவியாவின் டெர்செரோஸ் அடித்த பெனால்டியால் பிரேசில் 1-0 எனத் தோற்றது. அன்றே வெனிசுவேலா தன் நாட்டில் கொலம்பியாவிடம் 6-3 எனத் தோற்க, பொலிவியா 20 புள்ளிகளுடன் ஏழாம் இடம் பிடித்து, உலகக் கோப்பைக்குப் போகக் கடைசி வாய்ப்பான, கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

உயரம் தந்த பரிசு என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். வெளிநாட்டில் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோல்வி; அர்ஜென்டினாவில் 6-0. ஆனால் மீதமுள்ள அந்த ஓர் ஆட்டத்தைக் கவனியுங்கள். 2024 செப்டம்பரில் சான்டியாகோவில் சிலியை 2-1 என்று வென்றது, தகுதிச்சுற்றில் 1993-க்குப் பிறகு பொலிவியா வெளிமண்ணில் பெற்ற முதல் வெற்றி. எட்டாம் இடத்தில் நின்ற வெனிசுவேலா எடுத்தது 18 புள்ளிகள். சான்டியாகோவின் மூன்று புள்ளிகள் இல்லையென்றால், எல் ஆல்ட்டோவில் பிரேசிலை வென்றும் பொலிவியா 17-இல் நின்றிருக்கும்.