கோச்சிக் கொப்பி: வாசகர் கேள்வியும் டீச்சர் பதிலும்

போன இதழில் என் ரயில் கொப்பிகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஏறாவூர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் ஸ்டேஷன் பக்கம் போய் எந்த எஞ்சின் வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டு வருவது நிற்கவில்லை. அதை வாசித்துவிட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

டீச்சர், என் மகனுக்கு 14 வயது. மட்டக்களப்பில் அவனுடைய மாமி வீட்டுக்குப் போனால் வீட்டில் இருப்பதே இல்லை. ஸ்டேஷனில் போய் நின்று எஞ்சின் நம்பர் எழுதுகிறான். எழுதி என்ன செய்யப் போகிறான்? படிப்புக் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு தாய், களுவாஞ்சிகுடி

தங்கச்சி, பயப்படாதீர்கள். அவனுடைய வயதில் நானும் அதைத்தான் செய்தேன். அப்பாவுக்கு லைன் வேலை. பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் சாட்டில் தண்டவாள ஓரம் நின்று, ஒரு சீ.ஆர். கொப்பியில் நம்பர் எழுதத் தொடங்கியது 1975 இல். மூன்று வருடம் எழுதினேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. கூரையோடு அந்தக் கொப்பியும் போய்விட்டது. நம்பர்களை நினைவிலிருந்து திரும்ப எழுதப் பார்த்தேன். இருபதுக்கு மேல் வரவில்லை. எழுதி என்ன செய்யப் போகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாவிட்டால் போய்விடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு போர்க்காலத்தில் ரயில் மட்டக்களப்புவரை வராமலே இருந்த வருடங்களும் உண்டு. அந்த வருடங்களில் நான் திகதியைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்தேன். இன்றைக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே எந்த மாதம் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல முடியும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மகனிடம் நம்பரோடு இன்னும் இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அட்டவணைப்படி ரயில் வரவேண்டிய நேரம், உண்மையில் வந்த நேரம். மாமி வீட்டில் நிற்கும் விடுமுறை முழுவதும் எழுதட்டும். பிறகு அந்தத் தாமதங்களின் இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), ஆகாரம் (அதிக தரம் வருவது) மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் ரயில் நாலு மணித்தியாலம் பிந்தினால் இடை எங்கோ ஏறிவிடும், இடையம் அசையாது. இதை வகுப்பில் கரும்பலகையில் போட்டு வருடக்கணக்காக விளங்கப்படுத்தியிருக்கிறேன். தண்டவாள ஓரம் காத்து நின்றவனுக்கு ஒரு தரம் சொன்னால் போதும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு போடுங்கள். மேடையில் நின்று எழுதலாம், கடவையில் படலைக்கு வெளியே நின்று எழுதலாம். தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது.

அம்பாறை மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. மட்டக்களப்புக்கு அடிக்கடி வந்து போகவும் எனக்கு வசதி இல்லை. ரயில் என்றால் உயிர். நான் என்ன செய்யலாம்? — இளைஞர், அக்கரைப்பற்று

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். மட்டக்களப்போடு பாதை முடிந்துவிடுகிறது. கல்முனை வழியாகப் பொத்துவில்வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல காலமாக இருக்கிறது, தண்டவாளம் வரவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, பாதையில் 'கல்லோயா சந்தி' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரைக் கேட்டு உங்கள் பக்கத்துக் கல்லோயா என்று நினைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் நடுவில் இருக்கிறது. திருகோணமலைப் பாதை பிரிவது அங்கேதான்.

சரி, ரயில் இல்லாத ஊரில் இருந்துகொண்டே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். என் கொப்பிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெரிய வரைபுத் தாள் ஒன்று வாங்குங்கள். கிடைப் பக்கம் நேரம், நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நிலைக்குத்துப் பக்கம் ஸ்டேஷன்கள். அடியில் நம் பாதை பிரியும் மாகோ, உச்சியில் மட்டக்களப்பு. நடுவில் ஹபரணை, கல்லோயா சந்தி, மின்னேரியா, ஹிங்குராக்கொட, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர். சின்ன ஸ்டேஷன்களையும் விடாமல் போடுங்கள். ஸ்டேஷன்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள், உண்மையான தூரத்தின் அளவில் வையுங்கள். மாகோவிலிருந்து மட்டக்களப்புக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே தாள் நீளமாக இருக்கட்டும். அப்புறம் அட்டவணையை எடுத்து ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு கோடு வரையுங்கள். பகல் ரயிலான உதயதேவிக்கு ஒரு நிறம், இரவு ரயிலுக்கு ஒரு நிறம், எண்ணெய் ரயிலின் நேரம் கிடைத்தால் அதற்கும் ஒன்று.

கோடு செங்குத்தாக ஏறினால் ரயில் வேகமாகப் போகிறது. படுத்தால் மெதுவாகப் போகிறது. கிடையாகக் கிடந்தால் ஸ்டேஷனில் நிற்கிறது. இனி முக்கியமான இடம். மட்டக்களப்பிலிருந்து இறங்கும் கோடும் மாகோவிலிருந்து ஏறும் கோடும் ஒன்றையொன்று எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். நம் பாதை ஒற்றைத் தண்டவாளம். அதனால் அந்த வெட்டும் புள்ளி ஏதாவது ஒரு ஸ்டேஷனின் கோட்டில்தான் விழ வேண்டும், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் விழவே முடியாது. ஒரு ரயில் புணானையில் ஏன் காரணமே இல்லாமல் கால் மணித்தியாலம் நிற்கிறது என்று பயணிகள் கோபப்படுவார்கள். தாளைப் பார்த்தால் காரணம் தெரியும். எதிரே ஒன்று வந்துகொண்டிருக்கும்.

அந்தப் புள்ளி நடுவில் விழாமல் காப்பது ஒரு சின்ன வட்டத் தகடு. ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையம் ஒன்றை நீட்ட, ஓட்டுநர் பக்கத்திலிருந்து கை போட்டு வாங்குவதைக் கண்டிருப்பீர்கள். வளையத்தில் தொங்கும் பைக்குள் அந்தத் தகடு இருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள தகட்டுப் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே வந்தால், அதைத் திரும்ப ஒரு பெட்டிக்குள் போடும்வரை அடுத்தது வராது. தகடு கையில் இல்லாத ரயில் அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள பாதைத் துண்டுக்குள் நுழையக் கூடாது. நூறு வருடத்துக்கும் மேல் பழைய யோசனை, எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

தாளை வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. கட்டாயம்.

ரயிலைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து எந்த எஞ்சின் என்று சொல்ல முடியுமா? — உயர்தர மாணவி, வாழைச்சேனை

முடியும் மகள். ஒரு மாதம் காது கொடுத்தால் போதும். முதலில் இரண்டு குடும்பத்தைப் பிரிக்கப் பழகுங்கள். எம்2, எம்4 என்பவை நம் ரயில்வே டீசல் எஞ்சின் வகைகளுக்கு வைத்த பெயர்கள். எம்2 வகுப்பில் இருப்பது இரண்டடிப்பு எஞ்சின் (பிஸ்டனின் இரண்டு அடிப்புக்கு ஒரு தரம் எரிபொருள் எரியும்; நாலடிப்பில் நாலுக்கு ஒரு தரம்), அதனால் நிற்கும்போதும் இடைவிடாத ஒரு ரீங்காரம். எம்4 நாலடிப்பு. நின்றாலும் தட்டித் தட்டி மூச்சு விடுவது போல் இருக்கும், புறப்படும்போது அந்தத் தட்டல் ஒவ்வொன்றாகக் கேட்கும். இரண்டுமே கனடாவிலிருந்து வந்தவை. எம்4 பதினான்கும் 1975 இல் மொன்ட்ரியலில் செய்தவை, நம்பர் 743 முதல் 756 வரை. எம்6 ஜெர்மனியில் கட்டியது, 783 முதல் 798 வரை. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் எம்2 போல அமெரிக்க இரண்டடிப்பு எஞ்சின்தான். அதனால் எம்2வையும் எம்6ஐயும் காதால் பிரிப்பது கஷ்டம், அங்கே கண் வேண்டும்.

எம்2க்கு நான் கொஞ்சம் அதிகமாக இடம் கொடுப்பேன். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 இல் கொடுக்கத் தொடங்கியவை. 569 ஒன்டாரியோ, 570 அல்பேர்ட்டா என்று கனடாவின் மாகாணப் பெயர்களைப் பக்கவாட்டில் தாங்கி வந்தன. சிறுமியாக இருந்தபோது கனடாவின் வரைபடத்தை நான் படித்தது அந்தப் பெயர்களை வைத்துத்தான். அதில் 591 இன் பெயர் மனிட்டோபா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெற்கே பெரலியவில் கடல் அள்ளிப்போன ரயிலை இழுத்துக்கொண்டு போனது அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ரயிலில் இறந்தார்கள். எஞ்சினைத் தூக்கிவந்து திருத்தித் திரும்ப ஓடவிட்டார்கள். அதே காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் நாங்கள் யாரை இழந்தோம் என்று உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எனக்கு 591 என்ற நம்பர் வெறும் நம்பர் இல்லை. என் கொப்பியில் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மாதிரி ரயில் செய்ய ஆசை. கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம் நாட்டுப் பெட்டியை வைத்தால் ஏதோ பிழையாகத் தெரிகிறது. என்ன காரணம்? — கல்லடி வாசகர்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நம் தண்டவாளம் அகலப் பாதை, இரண்டு கம்பிக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். அதன் மேல் ஓடும் ஆங்கில மாதிரிகள் 76இல் ஒரு பங்கு அளவு. 1,676 ஐ 76ஆல் வகுத்தால் 22 மில்லிமீட்டர் வர வேண்டும். ஐந்தரை மில்லிமீட்டர் குறைகிறது. ஆனை போல உடம்பு, ஆட்டுக்கால் போல கால் என்று தெரிவது அதனால்தான்.

ஓடவேண்டாம், கண்ணாடி அலுமாரிக்குள் நின்றால் போதும் என்றால் தண்டவாளத்தை நீங்களே செய்யுங்கள். சிலிப்பர் கட்டைக்கு ஐஸ்பழக் குச்சியைத் தேத்தண்ணிச் சாயத்தில் ஊறவைத்துக் காயவிடுங்கள், நிறம் அசலாக இருக்கும். கம்பிக்குப் பித்தளைக் கம்பி. 22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு அட்டைத் துண்டு வெட்டி, நடுவில் வைத்து அளந்து அளந்து ஒட்டுங்கள். பெட்டிக்குத் தடித்த அட்டை போதும்.

ரயிலுக்கு முன்னால் நின்று படம் எடுப்பது குற்றமா? — ஆரையம்பதி வாசகர்

தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பதே குற்றம். படம் எடுக்க மேடையின் ஓரக் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்டபோதெல்லாம் மறுக்காமல் விட்டார்கள், சில நேரம் அடுத்த ரயில் எவ்வளவு தாமதம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரவு ரயில் காட்டுப் பக்கம் ஊர்ந்து போவது ஏன்? — பயணி, செங்கலடி

யானைக்காக. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் நம் ரயில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. பாரமான ரயிலுக்குப் பிரேக் போட்டாலும் சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும், எஞ்சின் விளக்கு வளைவுக்கு அப்பால் காட்டாது. ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. அரை மணித்தியாலம் பிந்தி வீட்டுக்குப் போவதற்கு நான் ஒரு நாளும் முறைப்பாடு சொல்ல மாட்டேன்.

மன்னம்பிட்டிப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியில் போனதை என் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். நீங்களாவது எழுதுங்கள். — 76 வயது வாசகர், கொக்கட்டிச்சோலை

ஐயா, எழுதுகிறேன். 2007 இல் ஜப்பான் உதவியோடு புதிய வீதிப் பாலம் திறக்கும்வரை மகாவலியைக் கடக்க அந்த இரும்புப் பாலம் ஒன்றுதான். தண்டவாளம் வீதிக்கு நடுவில் பதிந்திருக்கும். ஓட்டமாவடிப் பாலமும் அப்படித்தான் இருந்தது. ரயில் வரும் நேரம் என்றால் இரண்டு பக்கமும் வாகனங்கள் நிற்கும். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிடுவார்கள். கச்சான், சோளம் விற்பவர்கள் ஓடி வருவார்கள். முதலில் பாலத்தின் இரும்பு நடுங்கும், அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்கும். ஒரு தரம் நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போது, பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் வந்த ரயிலைப் பார்த்துக் கைகூப்பினார். ஏன் என்று கேட்டேன். "மகன் இதிலதான் வருவான்" என்றார்.

உங்களிடம் அந்தப் பழைய பாலத்தின் படம் ஏதாவது இருந்தால் பின்பக்கத்தில் வருடத்தையும் யார் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள், ஐயா. பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறிவிடும்.